சத்தமில்லாமல் கற்ற ஜப்பானியம்

எங்கள் ஊர் காரைக்கால் பக்கம் சுரக்குடி. அப்பா கீழவாஞ்சூர் துறைமுகத்தில் இரவு முழுக்க லாரி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குவார். "அப்பா தூங்குறாங்கடி, சத்தத்த அமுத்திட்டு வெளையாடு" என்பார் அம்மா. அப்படியே சத்தமில்லாமல் ஜப்பானிய வீடியோ கேம்கள் விளையாடி, திரையில் வரும் வசனங்களைப் படித்தே அந்த மொழியைக் கற்றேன். ஜப்பானிய மொழித் தேர்வில் கேட்டல் பகுதியில் மட்டும் தட்டுத்தடுமாறித் தேறி, ஜப்பானில் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் சேர்ந்தேன்.

சேர்ந்த புதிதில் ஒருநாள், நின்றிருந்த கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் யாரோ படபடவென்று பேசினார்கள். எழுதிக் காட்டியிருந்தால் உடனே புரிந்திருக்கும். வழக்கமான அறிவிப்பு என்று நினைத்துவிட்டேன். சட்டென்று பெல்ட் ஓடியது. கையுறை உருளையில் சிக்கி, கை உள்ளே இழுபட்டது. பக்கத்திலிருந்த பெண் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். கையுறை கிழிந்தது, விரல்கள் தப்பின. "மெஷின் ஓடப்போகுது, விலகுங்கன்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்களே!" என்றாள், எனக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாக.

இன்றும் அந்த உருளை சுற்றும்போது என் விரல்கள் தானாக மடங்கிக்கொள்கின்றன. அறிவிப்பு புரியாவிட்டால் முதலில் கையை வெளியே எடுக்கிறேன், பிறகு வெட்கப்படாமல் கேட்கிறேன். நடந்ததை போனில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சொன்னார்: "இனிமே நல்லா சத்தமா வச்சு வெளையாடும்மா."