படத்திலிருந்து அழித்த கை

பாப்பாக்காவுக்கு வயது நாற்பத்தாறு. பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு. மாடிப்படி ஏறினால் கைப்பிடி அதிரும், கோபம் வந்தால் குரல் தெருமுனை வரை போகும். பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளான குழந்தைகளைப் படம் எடுப்பது தொழில் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன் ஒன்பது வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சிக் குழந்தையும் அவள் கைக்குப் போனால் கப்சிப். "பயம்தான், வேற என்ன" என்பார் அவள் வீட்டுக்காரர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். இருபது வருடக் குடித்தன அனுபவத்தில் சொல்வது.

வீட்டின் பின்னறைதான் ஸ்டூடியோ. ஒரு ஹீட்டர், ஒரு பெரிய பஞ்சு மெத்தை, இருபது முப்பது போர்வைகள், மழை பெய்வது போல ஓசை எழுப்பும் சின்னப் பெட்டி ஒன்று. குழந்தை தூங்க வேண்டும் என்பதற்காக அறையைச் சூடாகவே வைத்திருப்பாள். படம் எடுத்து முடிப்பதற்குள் பெரியவர்கள் எல்லோரும் வேர்த்து விறுவிறுத்துப் போவார்கள்.

அவளுடைய பேர்போன படம் ஒன்று உண்டு. குழந்தை இரண்டு உள்ளங்கையிலும் மோவாயை ஊன்றிக்கொண்டு, குடும்பப் பொறுப்பு முழுவதையும் யோசித்து முடித்துவிட்டுக் கண்ணயர்ந்த மாதிரி இருக்கும். பத்து நாள் குழந்தைக்குத் தலையே நிற்காது, அது எப்படி மோவாயை ஊன்றும்? ஊன்றாது. பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து மேலிருந்து தலையைப் பிடித்துக்கொள்வாள், அது ஒரு படம். பிறகு கீழிருந்து முழங்கையைப் பிடித்துக்கொள்வாள், அது இன்னொரு படம். ஒரு நொடிகூடப் பிடியை விடக் கூடாது. இரண்டையும் பாப்பாக்கா கம்ப்யூட்டரில் சேர்த்து, பெற்றவளின் கையை மட்டும் விரல் விரலாக அழித்துவிடுவாள். ஒரு படத்துக்கு மூன்று மணி நேரமாகும். எங்கே கை இருந்தது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

பெருமைதான் வினையாக வந்தது. இணையத்தில் தன் பக்கத்தில் படங்களைப் போடும்போது முழு அளவில்தான் போடுவாள். ஒவ்வொரு இமை முடியும் தெரிய வேண்டுமாம். வலது மூலையில் கடுகளவு எழுத்தில் தன் பெயர். மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் வேலை செய்யாதபடி ஒரு பூட்டும் போட்டிருந்தாள். இனி ஒரு ஈ காக்காய்கூட எடுக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தாள். திரையையே படம் பிடித்துக்கொள்ள அந்தப் பொத்தான் தேவையில்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"பெயரை நடுவுல பெருசாப் போடு. மூலையில போட்டா வெட்டிட்டுப் போயிடுவான்" என்று வீட்டுக்காரர் சொல்லத்தான் செய்தார்.

"பச்சப்புள்ள முகத்துல முத்திரை குத்தச் சொல்றீங்களே, அது என்ன தபால் உறையா? நீங்க உங்க லிஃப்டைப் பாருங்க!"

அவர் லிஃப்டைப் பார்க்கப் போய்விட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண் போன் செய்தாள். நான்கு மாதத்துக்கு முன் தன் மகனை அந்த மெத்தையில் கிடத்திப் படம் எடுத்துக்கொண்டவள். "என் பக்கத்துல போட்டுக்கட்டுமாம்மா?" என்று பாப்பாக்கா கேட்டபோது, "உங்களை நம்பாம யாரை நம்பறதுக்கா" என்று தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள்.

"அக்கா, நான் செத்துட்டேனாம்."

"என்னம்மா உளறுற?"

"என் சித்தி போன் பண்ணி அழறாங்க. நான் எடுத்துப் பேசினதும் இன்னும் பயந்துட்டாங்க. அனுப்பியிருக்கேன், பாருங்க."

பார்த்தாள். அவளுடைய படமேதான். எவனோ பெயர் இருந்த மூலையை நறுக்கியிருந்தான். மேலே கொட்டை எழுத்தில்: 'பெற்றவள் பிரசவத்திலேயே கண்ணை மூடிவிட்டாள். ஏந்திக்கொள்ள ஒரு கைகூட இல்லாத இந்தப் பிஞ்சுக்கு இதயத்தில் ஓட்டை. உதவுங்கள்.' அதன் கீழே வங்கிக் கணக்கு எண். பதினோராயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். 'தாயின் ஆன்மா சாந்தியடையட்டும்' என்று வரிசையாக இரங்கல்கள்.

பாப்பாக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். படத்தைத் திருடினான், போகட்டும். ஆளுக்கு ஆள் திருடுகிற காலம். கொழுக்கு மொழுக்கென்று இருக்கிற பிள்ளைக்கு நெஞ்சில் ஓட்டை போட்டு, உயிரோடு இருக்கிறவளுக்குக் கருமாதி முடித்து, அதற்கு உண்டியலும் குலுக்குகிறானே, இவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவன் கையில் கொள்ளிக்கட்டையை வைக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

மறுமுனையில் அந்தப் பெண் சொன்னது சுருக்கென்று தைத்தது. "அவனை எனக்குத் தெரியாதுக்கா. உங்களைத்தான் தெரியும். உங்க கையிலதான் குடுத்தேன்."

அந்தப் படம் வந்த இணையதளத்துக்குப் பாப்பாக்கா புகார் எழுதினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: பரிசீலித்தோம், எங்கள் விதிகள் எதையும் மீறவில்லை. எந்த மகராசன் பரிசீலித்தானோ! மறுபடி எழுதினாள். படம் உங்களுடையது என்பதற்கு ஆதாரம் தேவை என்றார்கள். கேமராவிலிருந்து இறக்கிய மூலப்படங்களை அனுப்பினாள். கிணற்றில் போட்ட கல். திருடனுக்கு ஆதாரம் வேண்டாம், பறிகொடுத்தவள் மட்டும் படியேற வேண்டும். இது எந்த ஊர் நியாயம்? அதற்குள் பகிர்ந்தவர்கள் பதினாலாயிரம் ஆகியிருந்தார்கள். மருந்துக்கடையிலேயே ஒருவர் வந்து, "உன் பையன் சாயல்ல ஒரு குழந்தைம்மா, பாவம், தாய் இல்லையாம்" என்று அவளிடமே படத்தைக் காட்டினாராம்.

புதன்கிழமை மதியம் மருந்துக்கடைப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அந்த மூலப்படத்தைக் காட்டுங்க, நான் பார்க்கணும்."

பாப்பாக்கா திறந்து காட்டினாள். முதல் படத்தில் குழந்தையின் உச்சந்தலையில் ஒரு கை. இரண்டாவதில் முழங்கைகளுக்கு அடியில் அதே கை. கட்டைவிரல் நகத்தில் கறுப்பாக ஒரு கோடு. கடை ஷட்டரில் என்றோ நசுங்கியதன் அடையாளம்.

அவள் தன் கட்டைவிரலைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "நான்தான் புடிச்சிட்டு இருக்கேன். அதை ஏன்க்கா அழிச்சீங்க?"

"படம் சுத்தமா இருக்கணும்னு..."

சொல்லி முடிப்பதற்குள் பாப்பாக்காவின் குரல் இறங்கிவிட்டது. ஏந்திக்கொள்ள ஒரு கைகூட இல்லாத பிள்ளை என்று அந்தப் பாவி எழுதியது நினைவுக்கு வந்தது. கையைத் துடைத்துக் கொடுத்தது அவன் இல்லையே, தானல்லவா! மூன்று மணி நேரம் குனிந்து உட்கார்ந்து, விரல் விரலாக, பெருமையோடு. அவளுக்குத் தன்மேலேயே அசிங்கமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "தப்பு என்னோடதுதாம்மா" என்றாள். மன்னிப்புக் கேட்டு வழக்கமே இல்லாதவள்.

"தப்பு இருக்கட்டும். இதை அப்படியே போடுங்க. புள்ள முகத்தை மறைச்சிருங்க, அது இனிமே யாருக்கும் வேண்டாம். என் கை மட்டும் தெரியட்டும்."

அப்படியே போட்டார்கள். திருடிய படம், மூலப்படம் இரண்டு, அதே நகத்தோடு அன்றைய கட்டைவிரல். குழந்தை இருந்த மூன்றிலும் முகத்தை மறைத்திருந்தார்கள். பாப்பாக்காவின் மெத்தையில் பிள்ளையைக் கிடத்திய நூற்றுச் சொச்சம் தாய்மார்களும் சாயங்காலத்துக்குள் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மருந்துக்கடைப் பெண் திருடனின் பக்கத்துக்கே போய், இரங்கல்களுக்குக் கீழே தன் கையாலேயே எழுதினாள்: "நான் உயிரோடதான் இருக்கேன். புள்ளைக்குப் பால் குடுத்துட்டு இருக்கேன். அனுப்பின பணத்தை அவன்கிட்டக் கேளுங்க."

மறுநாள் பத்து மணிக்கு அந்தப் பக்கமே காணாமல் போயிருந்தது. தளத்திலிருந்து ஒரு வார்த்தை மன்னிப்பு? மூச். அவன் வேறு பெயரில், வேறு யார் பிள்ளையையோ வைத்துக்கொண்டு எங்காவது உட்கார்ந்திருப்பான். அதை நினைக்கும்போதெல்லாம் பாப்பாக்கா இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறாள்.

பழைய படங்களையெல்லாம் இறக்கிவிட்டாள். இப்போது போடுவதெல்லாம் சின்ன அளவில், நடுவில் குறுக்காகப் பெயர். வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்குச் சாப்பாடு கிடைத்திருக்காது.

போன மாதம் ஒரு புதுத் தாய் வந்தாள். பக்கத்தில் போட அனுமதி கொடுத்துவிட்டு, திரையைப் பார்த்து முகம் சுளித்தாள். "கை நடுவுல அசிங்கமாத் தெரியுதே. நீங்க அழகா அழிச்சிடுவீங்கன்னு சொன்னாங்களே?"

"வீட்டுல மாட்டறதுக்கு அழிச்சுத் தரேன்" என்றாள் பாப்பாக்கா. "ஊர் பார்க்கற படத்துல உன் கை இருக்கட்டும்மா. புடிச்சிக்க ஆள் இருக்குன்னு தெரியட்டும்."