யாருக்குக் கஷ்டம்?

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. ரேணிகுண்டாவில் செல்போன் சார்ஜருக்கு ஒயர் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் நேராக வகுப்புக்கு ஓடுவேன். லைன் லீடர் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், நேர்காணல் இங்கிலீஷில்தான் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மாதம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸில் உதடு தானாக முணுமுணுக்கும், சோறு இறங்காது.

ஒரு நாள் பாடம் ‘ஐ ஃபைண்ட் இட் டிஃபிகல்ட்’. இன்னது செய்ய எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்வதற்கு. டிஃபிகல்டை எடுத்துவிட்டு ஈஸி, போரிங், யூஸ்ஃபுல் எதை வேண்டுமானாலும் போட்டு நம் அபிப்பிராயத்தைச் சொல்லலாமாம். எங்கள் ஊரில் ‘கஷ்டமா கீது’ என்போம். கஷ்டம் பாட்டுக்கு ரோட்டில் கல் மாதிரி கிடக்கும், யாருடையது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இங்கிலீஷிலோ முதலில் ‘நான்’ என்று முன்னால் வந்து நிற்க வேண்டியிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. வாத்தியார் ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார். ஒருத்தி திருமலைக்கு நடந்து ஏறுவது சுலபம் என்றாள். நான் கம்பெனி வேலை சுலபம் என்றேன். பச்சைப் பொய்.

கம்பெனியில் கஷ்டம் என்ற பேச்சே கிடையாது. சூப்பர்வைசர் “ஏமைனா பிராப்ளமா?” என்று, ஏதாவது பிரச்சினையா என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே நடப்பார். லைன் மொத்தமும் “நோ பிராப்ளம் சார்” என்று பாடும். கால் மரத்துப்போனவளும் அதையேதான் சொல்வாள். எனக்குப் பக்கத்தில் நின்ற வெதுருகுப்பத்துப் பெண் அப்போது பிள்ளைத்தாச்சி. நாள் முழுக்க நின்றே வேலை செய்ததில் கால் வீங்கி அவளுக்கு ஷூ நுழையவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் மட்டும் புலம்புவாள்.

“ஒரு ஸ்டூல் போட்டா போதும்க்கா. நின்னுக்கினே கீறேன், இடுப்பு ஒடியுது.”

“கேளேன்டி.”

“நீ வேற. சும்மா துன்னுக்கா.”

நேர்காணலுக்கு வடக்கேயிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். லைனில் உங்களுக்கு எது கஷ்டம் என்று கேட்டார். எதுவும் கஷ்டமில்லை, எல்லாமே சுவாரசியம் என்ற பதிலை வாத்தியார் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். வாயைத் திறந்தேன். அவளுடைய வீங்கிய கால்தான் கண்ணுக்குள் வந்தது. பக்கத்தில் ஒருத்தி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்குக் கஷ்டம் என்று, ‘ஐ ஃபைண்ட் இட் டிஃபிகல்ட்’டில் ஆரம்பித்துச் சொல்லி முடித்தேன். ஸ்டூல் விஷயத்தையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஆளனுப்பி அவளையே கூப்பிட்டார். ஸ்டூல் வந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் வந்தாள். நின்று வேலை செய்வது கஷ்டமாக இருக்கிறதா என்று அவர் கேட்டார். கூடவே வந்து நின்ற சூப்பர்வைசர் அதைத் தெலுங்கில் திரும்பக் கேட்டார். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

“நோ பிராப்ளம் சார்.”

பஸ்ஸுக்குப் போகும் வழியெல்லாம் அவளோடு சண்டை போட்டேன்.

“இன்னாத்துக்குடி அப்டி சொன்ன? ஸ்டூல் போடத்தான கூப்ட்டாரு!”

“நீ கஷ்டம்னு சொன்னா, நல்லா இங்கிலீஷ் பேசறன்னு வேலை குடுப்பாங்கோ. நான் சொன்னா, ஊட்லயே ரெஸ்ட் எடுத்துக்கோம்மான்னு அனுப்சிடுவாங்கோ. என்னை ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்லியிருக்கலாம்க்கா.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பஸ் வரும்வரை ஸ்டாப்பில் இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

வேலை எனக்கே கிடைத்தது. தைரியமாகப் பேசினேன் என்று அந்த அதிகாரி பாராட்டினாராம். ஸ்டூல் வரவில்லை. லைனில் முதல் ஆளாக என் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னவள் அவள்தான். நின்றுகொண்டேதான் சொன்னாள்.