சீனப் புத்தகங்களுக்கு நடுவில்

இந்த நாட்டு நூலகத்தில் யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. நேரே உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம். கனடா வந்து இரண்டு குளிர்காலம் கடந்தும் எனக்கு அது பழகவில்லை. பெல்மதுளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆபீசுக்குப் போனால் சன்னலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். மழை பெய்தாலும் அப்படித்தான். சனிக்கிழமைகளில் மகள் சாந்தி என்னையும் தன் மாமியாரையும் இங்கே இறக்கிவிட்டுக் கடைக்குப் போவாள். மாமியார் யாழ்ப்பாணத்தில் டீச்சராக இருந்தவர், மடமடவென்று வாசிப்பார். நான் தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் வாசித்துக் காட்டும்படி யாரிடமும் போய் நின்றதில்லை.

தமிழுக்கு இரண்டு தட்டு உண்டு. ஒரு நாள் அதில் நம் தோட்டத்துக் கூத்துகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. நம்மைப் பற்றியும் புத்தகம் போடுவார்களா என்று புரட்டினேன். நடுவில் என் வீட்டுக்காரர் நின்றார். மாசியில் நடக்கும் காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கிறார், தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு. படத்துக்குக் கீழே தோட்டத்தின் பெயர் இருந்தது, சாதி இருந்தது. அவர் பெயர் இல்லை.

தொண்ணூற்றிரண்டில் கொழும்பிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்தது ஞாபகம் வந்தது. நான்தான் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். படம் அனுப்புவதாகச் சொல்லிப் போனார், அனுப்பவில்லை. இரண்டு வருஷத்தில் வீட்டுக்காரர் செத்துப்போனார். அடையாள அட்டைக்கு எடுத்த ஒரே படத்தையும் கரையான் தின்றுவிட்டது.

மாமியார் எட்டிப் பார்த்தார். “இஞ்ச பாருங்கோ, தோட்டக்காட்டு ஆக்கள். பறை அடிக்கிறவைக்கும் புத்தகம் போட்டிருக்கினம்,” என்றார். கீழே இருந்ததை வாசித்துவிட்டு, “உங்கட பெல்மதுளைப் பக்கமாம். ஆளைத் தெரியுமோ?”

சாந்தி கொழும்பில் வேலை செய்தபோது அவர் மகனை விரும்பிக் கட்டியவள். தகப்பனுக்குப் பெல்மதுளையில் துணிக்கடை என்று சொல்லித்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. மருமகனுக்குக்கூட உண்மை தெரியாது.

“எனக்கு எப்படிங்க தெரியும்? நாங்க டவுன் ஆளுக. இதுகளோட பழக்கம் இல்லீங்க,” என்றேன்.

“அதுதானே. உங்களைப் பாத்தாலே தெரியுது,” என்றார். அதைக் கேட்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது. என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது அதுதான்.

அன்று சமையலறையில் சாந்தியிடம் சொன்னேன். சின்ன வயதில் தகப்பன் தோளில் ஏறிக் கூத்துப் பார்த்தவள் அவள். “அந்தப் பக்கத்தக் கிழிச்சிருக்கலாமில்ல?” என்றாள். “மாமி இன்னும் யாரு யாருக்குக் காட்டுவாங்களோ. நான் இந்த வீட்டுல குடும்பம் நடத்த வேணாமா?”

கிழிக்க எனக்குக் கை வரவில்லை. அடுத்த சனிக்கிழமை மாமியார் பத்திரிகையில் மூழ்கியிருந்த நேரம், புத்தகத்தைக் கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுபோய் எதிர்ப்பக்கத்தில் சீனப் புத்தகங்களுக்கு நடுவில் செருகினேன். தமிழர் கை அங்கே போகாது, நான் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். நான்கு சனிக்கிழமை பார்த்தேன். ஐந்தாம் சனிக்கிழமை அங்கே புத்தகம் இல்லை. தமிழ்த் தட்டிலும் இல்லை.

சாந்தி வந்ததும் அவளை இழுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். அங்கிருந்த வெள்ளைக்காரப் பெண் புத்தகத்தின் பெயரைக் கேட்டாளாம். எனக்கு அது தெரியாது. அட்டையை நான் வாசித்ததே இல்லை, எப்போதும் நேராக அந்தப் பக்கத்துக்குத்தான் போவேன். சாந்தி ஏதோ சொல்ல, அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தேடினாள். வெகுநாளாக யாரும் இரவல் எடுக்காத புத்தகங்களோடு அதையும் கழித்துவிட்டார்களாம். அதற்குள் மாமியாரும் எங்கள் பின்னால் வந்து நின்றார்.

என் முகத்தைப் பார்த்து அந்தப் பெண் மெதுவாக ஏதோ கேட்டாள். சாந்தி தமிழில் சொன்னாள்: “அதுல தெரிஞ்சவங்க யாரும் இருக்காங்களான்னு கேக்குறா.” நான் வாய் திறக்குமுன் அவளே, “நோ,” என்றாள்.

தமிழ் தெரியாதவர் முன்னால் நின்றால் நம் பக்கத்து ஆட்களுக்கு வாயில் தானாகச் சிங்களம்தான் வரும். அந்தப் பெண்ணைப் பார்த்து, “மகே மஹத்தயா,” என்றேன். என் வீட்டுக்காரர் என்று. அவள் சிரித்துத் தலையாட்டினாள்.

சிங்களம் தெரியாத மாமியார் கேட்டார்: “அம்மா என்ன சொன்னவ?”

“நன்றி சொன்னாங்க, மாமி,” என்றாள் என் மகள்.