பேய்க்கும் ஒரு கருத்து உண்டு

என் அண்ணன் மகளைக் கட்டிய மாப்பிள்ளைக்கு வேலை, பேயாக இருப்பது. ஊரை ஒட்டிய பெரிய தீம் பார்க்கில் பேய் பங்களா என்று ஒன்று உண்டு. உள்ளே கும்மிருட்டில் தண்டவாளத்தின் மேல் குட்டி வண்டிகள் போகும். மூன்றாவது வளைவில் அரை நிமிடம் நிற்கும். அங்கேதான் மாப்பிள்ளை சவப்பெட்டியைத் திறந்துகொண்டு எழுந்து அலறுவார். இருபத்திரண்டு வருடமாக அலறுகிறார். ஒருமுறை அந்தச் சத்தத்தில் ஒருவர் பின்னிருக்கையிலிருந்து முன்னிருக்கைக்குத் தாவி, அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் விழுந்து, ஆறே மாதத்தில் அவளையே கல்யாணமும் செய்துகொண்டார். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். அலறலை மட்டும் தள்ளாதீர்கள்.

வீட்டிலோ மனிதர் வாயைத் திறக்கமாட்டார். திறக்க இடம் கிடைத்தால்தானே? அவர் பெண்டாட்டிக்கும் மகளுக்கும் ஒரு டிராகன் படத்தின் மேல் பைத்தியம். அது ஏழு பாகம் வந்துவிட்டது. விடுமுறை என்றால் ஏழும் ஓடும். மாப்பிள்ளை மூலையில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்தபடி, "இதெல்லாம் ஒரு படமா" என்று முணுமுணுப்பார். ஆனால் எழுந்து போகமாட்டார்.

இப்படி இருக்கையில் பார்க்கில் ஓர் அறிவிப்புப் பலகை வைத்தார்கள். பேய் பங்களாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டிராகன் படத்தை வைத்து ஒரு சவாரி கட்டலாமா? ரசிகர்களே, எழுதிப் போடுங்கள். பக்கத்தில் ஒரு பெட்டி, சீட்டுக் கட்டு, பேனா.

மேலாளர் அம்மாள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொன்னார். "டிராகன் ஜெயிச்சா உங்கள கார் நிறுத்தற இடத்துக்கு மாத்திடுவேன். வெயில்தான், ஆனா குடை தருவோம்."

"நான் அங்க என்ன மேடம் பண்றது?"

"வண்டிய எங்க நிறுத்தணும்னு கை காட்டணும்."

அலறத் தெரிந்தவனைக் கைகாட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? அன்றே மாப்பிள்ளை ஒரு கட்டுச் சீட்டைச் சவப்பெட்டிக்குள் கொண்டுபோனார். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே ஒன்றரை நிமிடம் கிடைக்கும். சின்னச் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று. "படத்தைத்தான் தியேட்டரிலேயே பார்த்துவிட்டோமே, இங்கேயும் எதற்கு?" என்று கல்லூரி மாணவியாக எழுதினார். "என்ன வரப்போகிறது என்று தெரியாமல் உட்காருவதில்தான் சுகம்" என்று ஓய்வுபெற்ற நீதிபதியாக எழுதினார். கர்ப்பிணியாகக்கூட ஒன்று எழுதினார். பங்களா வாசலில் கர்ப்பிணிகளை உள்ளே விடுவதில்லை என்பது பேனா வேகத்தில் மறந்துபோயிற்று. மொத்தம் ஐம்பத்து மூன்று.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேலாளர் அம்மாள் தன் அறையில் சீட்டுகளை மேசை முழுக்கப் பரப்பினார். அது ஜன்னலே இல்லாத அறை. பேய்க்கு நாலு சீட்டு அதிகம் என்று எண்ணி முடித்தபோது மின்சாரம் போயிற்று. மேசை பச்சையாக ஒளிர்ந்தது. பேய்க்கு விழுந்ததில் சீட்டுக்குச் சீட்டு ஐந்து விரல்.

இருட்டில் மினுங்குவதற்காக மாப்பிள்ளை கையில் பூசும் சாயம் அது. மத்தியானச் சாப்பாடு வரும்வரை அதைக் கழுவுகிற வழக்கம் அவருக்கு இல்லை; அந்தக் கையோடுதான் எழுதியிருக்கிறார்.

"இதுல நீங்க எழுதாதது எது?" என்று மாப்பிள்ளையை வரவழைத்துக் கேட்டார் மேலாளர்.

மாப்பிள்ளை நேர்மையாகத் தேடினார். "பேய் பக்கம் ரெண்டு இருக்கு மேடம். ஒண்ணு யாரோ கிறுக்கினது."

"அந்த நீதிபதி?"

"நான்தான்."

"நல்லாத்தான் எழுதியிருந்தார்." அவர் சீட்டுகளை வாரிக் குப்பைக்கூடையில் போட்டார். "நாளைக்கு ஒரு நாள். பங்களாவுக்குள்ள போயிட்டு இறங்கறவங்க மட்டும் எழுதட்டும். பேனாவ நான் பிடிச்சுக்கறேன்."

மறுநாள் வந்து இறங்கியது டிராகன் ரசிகர் மன்றம். பதினெட்டுப் பேர், எல்லோரும் துணியால் தைத்த இறக்கையோடு. தலைவி ஒரு பல் டாக்டர். செயலாளர் ஒரு பஸ் டிரைவர். முதல் வண்டி மூன்றாவது வளைவில் நின்றது. மாப்பிள்ளை எழுந்து, உயிரைக் கொடுத்து அலறினார். யாரும் திரும்பவில்லை.

"மூணாம் பாகத்துல கிழிஞ்சது வலது இறக்கைதான். அதனாலதான் நான் வலதக் கிழிச்சிருக்கேன்" என்றார் டாக்டர்.

"இடது டாக்டர். எத்தன தடவ சொல்றது?" என்றார் டிரைவர்.

மாப்பிள்ளை இன்னொரு தடவை அலறினார்.

"கொஞ்சம் இருங்க சார், பேசிட்டு இருக்கோம்" என்றார் டாக்டர்.

பேய் இதுவரை பேசியதில்லை. ஆனால் தப்பான தகவலை எத்தனை நேரம்தான் பொறுப்பது? "இடதுதாங்க. ஏரி மேல பறக்கறப்ப தண்ணியில தெரியற நிழலத்தான் காட்டுவாங்க. நீங்க நிழலப் பாத்துட்டு வலதுங்கறீங்க."

வண்டியில் எல்லோரும் சவப்பெட்டிப் பக்கம் திரும்பினார்கள். பிறகு டாக்டர் மெதுவாகக் கேட்டார். "அப்ப அஞ்சாம் பாகம் பத்தி என்ன நினைக்கறீங்க?"

"அத எடுத்திருக்கவே கூடாது" என்று மாப்பிள்ளை ஆரம்பிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

அவர்கள் இறங்கி ஓடிப்போய் மறுபடி வரிசையில் நின்றார்கள். அரை நிமிடம் அரை நிமிடமாகப் பேசி ஐந்தாம் பாகத்தை முடிக்க ஒன்பது சுற்று ஆயிற்று. சாயங்காலம் பெட்டியில் விழுந்த சீட்டுகளில் பாதி ஒன்றுபோலவே இருந்தன: டிராகனை எங்கே வேண்டுமானாலும் கட்டுங்கள், பேயைத் தொடாதீர்கள், அவரோடு இன்னும் பேச்சு பாக்கி இருக்கிறது. மேலாளர் அம்மாள் விளக்கை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். ஒன்றும் ஒளிரவில்லை.

டிராகன் சவாரியைப் படகுக்குளம் இருந்த இடத்தில் கட்டினார்கள். அதில் ஏறி இறங்குகிறவர்கள், கண்ணின் நிறம் சரியில்லை, வால் குட்டை, நெருப்புக்குப் பதில் ஆரஞ்சுத் துணி ஆடுகிறது என்று பொருமிக்கொண்டு நேராகப் பேய் பங்களாவுக்கு வருகிறார்கள். என் அண்ணன் மகளும் அந்த வரிசையில் நிற்கிறாள். வீட்டில் கேட்டால் அவருக்குத் துணி மடிக்கிற வேலை இருக்கிறதாம்.

மேலாளர் அம்மாளுக்கு ரொம்பச் சந்தோஷம். "இனிமே நீங்க அலறக்கூட வேண்டாம். உக்காந்து பேசினாலே போதும்" என்றார்.

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. "பேசறதுக்கு விசாரணை ஜன்னல்ல ஆள் இருக்கே மேடம். நான் பேய். முதல்ல அவங்க பயப்படணும், அப்புறந்தான் பதில்."

அந்த நிபந்தனையை வாசலில் எழுதியும் வைத்துவிட்டார்கள். இப்போது மூன்றாவது வளைவில் வண்டி நிற்கிறது, மாப்பிள்ளை எழுந்து அலறுகிறார், பல் டாக்டர் கடனே என்று "ஐயோ அம்மா" என்கிறார்.

"பத்தல" என்று பெட்டிக்குள் மறுபடி படுத்துக்கொள்கிறார் மாப்பிள்ளை.