முதல் கட்டத்தில் பிள்ளையார் சுழி

மேடவாக்கத்தில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டின் செயலாளர், ஒட்ட வெட்டிய தலையும் சட்டைப்பையில் மூன்று பேனாவுமாக இருப்பார். எதை எழுதினாலும் முதலில் 'உ' போடுவார். லிஃப்ட் பழுது என்ற அறிவிப்புக்கும் அது உண்டு.

இன்று எந்த பிளாக்குக்குத் தண்ணீர் லாரி என்பதை எங்கள் வெப்சைட்டில் அட்டவணையாக ஏற்றுபவரும் அவர்தான். அதன் முதல் கட்டத்தைப் படித்து லாரி டிரைவருக்கு மெசேஜ் அனுப்ப, நான் ஜாவாஸ்கிரிப்ட்டில் நாலு வரி புரோகிராம் எழுதி வைத்தேன். மறுநாள் காலை டிரைவர் கேட்டில் நின்று கத்தியது என் பால்கனி வரை கேட்டது.

"இன்னா சார், 'உ' பிளாக்னு வந்துகீது! அது எங்க கீது?"

செயலாளர் பதறவே இல்லை. கேட்டுக்குப் பக்கத்து மூலையிலிருந்த பிள்ளையார் சிலையைக் கைகாட்டினார். நான் இறங்கி ஓடுவதற்குள் பாதி லாரித் தண்ணீர் பிள்ளையார் தலையில் இறங்கியிருந்தது. அன்று தண்ணீர் வரவேண்டிய பி பிளாக் முழுக்கக் காலிக் குடம்.

"சார், அந்த 'உ'வை எடுத்துடுங்க."

"எதுக்கு சார்? உங்க புரோகிராம் கரெக்டாத்தான படிச்சிருக்கு!"

கடைசியில், முதல் வரிசையைத் தாண்டிப் படிக்கும்படி நானே மாற்றினேன். சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

"கும்பிட்டுட்டுத்தான தாண்டுது?"

"ஆமா சார்," என்றேன். பொய்தான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து, அந்த நாலு வரிக்கு மேலே, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத வெறும் குறிப்பாக ஒரு 'உ' போட்டேன். யாருக்குப் பயந்து போட்டேன் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.