சொல்லிவிட்டு இறங்கியவர்

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக்கு நின்றிருந்தோம். மாதா கோவிலில் துக்க மணி அடித்தது. பள்ளி வாசலில் அப்பாவைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த சூசை சித்தப்பா இறந்துவிட்டார்.

அவர் திருச்சி விமான நிலையக் கண்ட்ரோல் டவரில் வேலை பார்த்தவர் என்பது எங்கள் ஆவூரில் எல்லோருக்கும் தெரியும். என்ன வேலை என்பது பலருக்குத் தெரியாது. விமானங்கள் மோதிக்கொள்ளாதபடி ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் கொடுப்பார். இறங்கச் சொன்னால் நிமிடத்துக்கு ஐந்நூறு அடியாவது இறங்க வேண்டும். ஏறுவதற்கும் அதே விதிதான். முடியாவிட்டால் பைலட் உடனே சொல்ல வேண்டும். அவர் விட்டுப்போகும் உயரம் அடுத்த விமானத்துக்குப் போய்விடும்.

ஒருமுறை ஒரு பெரிய மனிதரின் விமானம் கிளம்பக் காத்திருந்தது. மேலே இன்னொன்று இறங்கிக்கொண்டிருந்தது.

"இந்நேரம் அது கீழ வந்திருக்கும்யா, இவரை விடுங்க. உள்ள யாரு இருக்காருன்னு தெரியுமா?" என்று மேலதிகாரி அவசரப்படுத்தினாராம்.

"யாருன்னு வேணாங்க. மேல உள்ளது எந்த ஒசரத்துல இருக்குன்னுதான் எனக்குத் தெரியணும்" என்ற சித்தப்பா, மேலே இருந்த பைலட்டிடம் ரேடியோவில் கேட்டார். பயணி ஒருவரின் குழந்தைக்குக் காதுவலி என்று, டவருக்குச் சொல்லாமலே பைலட் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார். கிளம்பக் காத்திருந்த விமானத்துக்குக் கொடுக்க வேண்டிய உயரத்தில்தான் அது அப்போதும் இருந்தது.

"மெதுவா எறங்குனது தப்பில்ல. சொல்லாததுதான் தப்பு" என்பார் சித்தப்பா.

சென்ற ஆண்டு அவருக்கே ஒரு காது மந்தமாகத் தொடங்கியது. டவரில் யாரும் கவனிக்கவில்லை. அந்த நாற்காலிதான் அவருக்கு உயிர். ஆனாலும் தாமே போய்ச் சொன்னார். கீழே ஒரு மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

"நீங்களா போயி ஏங்க சொன்னீங்க? யாருக்குத் தெரியப் போவுது?" என்று சித்தி அழுதார்.

"மேல இருக்கவனுக்குத் தெரியுமே."

"சாமிக்கா?"

"பைலட்டுக்குடி!"

டீக்கடையில் ஒருவர், "என்ன சூசை, ஒன்னைய எறக்கி விட்டுட்டாங்களாமே?" என்று சீண்டினார்.

"நானாத்தான் எறங்குனேன். சொல்லிட்டு எறங்குனேன்" என்றார், தலை நிமிர்ந்து. அருகில் நின்ற எனக்கும் தலை நிமிர்ந்தது.

அடக்கம் முடிந்து பள்ளிக்குத் திரும்பிய அன்று கணக்கு வகுப்பு. "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றார் சிஸ்டர். "புரிஞ்சுது சிஸ்டர்" என்று வகுப்பே கத்தியது. நான் எழுந்து நின்றேன்.

"எனக்கு இன்னும் வரலை சிஸ்டர். மெதுவாத்தான் வருது."

சிலர் சிரித்தார்கள். சிஸ்டர் பலகையை அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். பின்பெஞ்சில் இன்னும் மூன்று பேர் எழுந்து நின்றார்கள்.