போட்டோவுக்கு வந்த நாற்காலி

ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை எனக்கு. நாங்கள் உட்காரும் விதத்தைச் சோதிக்க சேஃப்டி ஆபீசர் வந்த அன்று, கைப்பிடி உடைந்து, முதுகுச் சாய்வும் ஆடும் என் நாற்காலியை ஒளித்துவிட்டு மீட்டிங் ரூம் நாற்காலியைப் போட்டார்கள். நானும் நிமிர்ந்து உட்கார்ந்து, போட்டோவுக்குச் சிரித்து, படிவத்தில் 'வலி இல்லை' என்று டிக் அடித்தேன். அவர் போனதும் நாற்காலியும் போய்விட்டது.

போன மாதம் வல்லக்கோட்டை வளைவில், நாள் முழுக்கக் கைப்பிடி இல்லாமல் தொங்கிய வலது கை மரத்துப்போய் ஸ்கூட்டர் பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை. காலை ஊன்றி, முன்னால் போன லாரிக்கு ஒரு முழம் பின்னால் நின்றேன்.

ஆபீசரிடம் போய் வேறு நாற்காலி கேட்டால், அந்தப் படிவத்தையே நீட்டுகிறார்.

"நீங்கதானே மேடம் டிக் அடிச்சுக் குடுத்தீங்க? இப்ப வந்து கேட்டா நான் இன்னா பண்றது?"

இப்போதெல்லாம் சோதனை என்று யார் வந்தாலும், முதலில் என் நாற்காலியில் அவரை உட்கார வைக்கிறேன். இந்த முறை சோதனைக்கு வந்த அதே ஆபீசர் இரண்டே நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"டிக்கை நீங்களே அடிங்க சார்" என்று பேனாவை நீட்டினேன்.